தொங்குது, வெச்சாச்சு

பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியர் எவரையும் அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக் கூடாது. பதவியில் தாழ்த்தவும் கூடாது. செய்துவந்த வேலையை அவரால் தொடர முடியாவிட்டால், அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடம் காலியாக இல்லையென்றால், அவருக்காகவே மிகைப் பணியிடம் ஒன்றை உண்டாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு இருபது, உட்பிரிவு நான்கு. 'கூடாது' என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. 'இயன்றவரை தவிர்க்கலாம்' என்று இல்லை. அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே முடி நரைத்தவன் என்ற முறையில் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

இந்த விதி காப்பாற்றியிருக்க வேண்டியது ஒரு கிரேன் ஆபரேட்டரை. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அலுவலகத்தின் பெயரும் வெளியே வரும்; அதற்கு மறுப்பு அறிக்கை தயாரிக்கும் வேலையை என் பழைய சகாக்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. திருவொற்றியூரில் கடலை ஒட்டி, அரசுக்குச் சொந்தமான ஒரு கண்டெய்னர் யார்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே பதிவுப் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளராக இருந்தேன்.

கிரேனின் உச்சியில் தொங்கும் கூண்டுக்குத் தரை கண்ணாடி. அதில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே எட்டு மணி நேரமும் கீழே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த வேலை. இருபது வருடத்துக்கு மேல் அப்படிப் பார்த்ததில் அவருக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துபோனது. அறுவை சிகிச்சை செய்து, தகடு வைத்து முடுக்கினார்கள். அதன்பிறகு தலை பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பும், கீழே குனியாது. சட்டைப் பொத்தானைத் தடவித்தான் போட வேண்டும். கீழே பார்க்க முடியாத ஆபரேட்டரைக் கூண்டில் ஏற்ற முடியாதல்லவா, மருத்துவர் 'லைட் டூட்டி' என்று எழுதி எங்கள் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

முதல் நாள் நிர்வாக அலுவலர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் முன் நிற்கிற ஊழியர் தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத விதி. எழுதப்பட்ட விதிகளைவிட அது ஒழுங்காகப் பின்பற்றப்பட்டது. இவர் அதிகாரியின் தலைக்கு மேலே இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்.

"ஆளு கொஞ்சம் திமிரோ?" என்று, அவர் வெளியே போனபிறகு அதிகாரி கேட்டார்.

"கழுத்துல தகடு வெச்சிருக்கு சார். மெடிக்கல் சர்டிபிகேட் இணைப்பு மூணுல இருக்கு."

"இணைப்பெல்லாம் யாருங்க படிக்கிறது?"

உண்மையைச் சொல்லும் அதிகாரிகள் அபூர்வம். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

லைட் டூட்டி என்றால் என்ன வேலை என்பதை எழுத்தில் குறிப்பிட்டு ஆணை தர வேண்டும். தரவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் தந்தார்கள். காலை ஒன்பதே முக்காலுக்கு வந்து, கையெழுத்துப் போட்டு, அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கூண்டில் இருந்த பழக்கத்தில் வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். எங்கள் தட்டச்சர் மெர்சி, ராயபுரத்துப் பெண், "அண்ணே, டீ சொல்லட்டா?" என்று கேட்டால், சுட்டுவிரலை மேலே நீட்டி வட்டமாகச் சுற்றுவார். பாரத்தை ஏற்று என்பதற்கான கிரேன் சைகை அது. வேண்டாமென்றால் உள்ளங்கை கீழே பார்க்கும். ஒரு வாரத்தில் பிரிவு முழுக்க இந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டது. முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. "மத்த சிக்னலு எல்லாம் சிக்னல்மேன் மட்டுந்தான் குடுக்கணும். நிறுத்துறது மட்டும் யாரு வேணா சொல்லலாம். கூட்டிப் பெருக்குற ஆயா சொன்னாலும் ஆபரேட்டரு நிறுத்தணும்" என்று விளக்கினார். அலுவலக நடைமுறை நூலில் அவ்வளவு தெளிவான ஒரு பத்தியை நான் பார்த்ததில்லை.

இப்போது சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் கடிதம் எழுத ஒரு மென்பொருள் இருந்தது. அது இயங்க வேண்டுமென்றால் கட்டைவிரல் அளவில் ஒரு சாவியைக் கணினியின் பின்புறம் செருக வேண்டும். மூன்று கணினிக்கு ஒரே சாவி. அந்தச் சாவி நிர்வாக அலுவலரின் மேசை இழுப்பறையில் இருந்தது. இழுப்பறையின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் பதினொன்றரைக்கு வருவார்.

இதை நாற்காலியிலிருந்து இரண்டு மாதம் பார்த்த பிறகு ஆபரேட்டர் ஒருநாள் கேட்டார்.

"அவுரு வர்ற வரைக்கும் எல்லாரும் குந்திகினே இருக்கணுமா சார்?"

"ஏற்பாடு அப்படி."

"எயுதுறதுக்கு ஒரு ஜன்னலு. தட்டுனா அதுல எயுத்து வியணும். அத்தக் காப்பாத்தி வெக்கணும். இதுக்கு சாவி இன்னாத்துக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குத் தகுதி இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் பல மாதம் வீட்டில் கிடந்தபோது, பொறியியல் படித்துக்கொண்டிருந்த மகளின் ரெக்கார்டு நோட்டைக் கண்ணுக்கு நேராகக் கம்பியில் மாட்டி வைத்துப் படித்திருக்கிறார். மார்க் வாங்கியதும் மகள் தூக்கிப்போட்ட நோட்டு. அதில் கடைசிப் பயிற்சி, கணினியில் எழுதித் திருத்திச் சேமிப்பதற்கான எளிய எடிட்டர் ஒன்றை உருவாக்குவது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு நிரல்மொழி. அதோடு கூடவே வரும், ஜன்னலும் பொத்தானும் செய்கிற கருவிப்பெட்டி. மகளின் நோட்டில் நாலு பக்கத்தில் முடிந்த பயிற்சியை இவர் எங்கள் பிரிவில் நாலு மாதம் செய்தார்.

திரை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்பதற்காகக் கழித்துக்கட்டிய மூன்று தடித்த பதிவேடுகளை அடுக்கி அதன்மேல் ஏற்றினார். முதல் நாள் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்று ஜன்னல் தோன்றியது. மெர்சி எட்டிப்பார்த்தாள்.

"இன்னாண்ணே, ஒண்ணுமே காணோம்?"

"மொத ஜன்னல வெச்சிக்கீறேன். செவுரு அப்பால."

அடுத்து அதற்குள் எழுதும் வெள்ளைப்பரப்பு வந்தது. வலப்பக்கம் சுருள்பட்டை வந்தது. அதில்தான் சிக்கல். பட்டையை இழுத்தால் எழுத்து நகர்ந்தது. எழுதிக்கொண்டே போனால் பட்டை நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் மூடிவிட்டுத் திரும்பவும் கணினிக்குப் போனார்.

"ஒரு பக்கந்தான் கட்டிக்கீறேன் சார். பட்டை சொல்றது எயுத்துக்குக் கேக்குது. எயுத்து சொல்றது பட்டைக்குக் கேக்கல. மேல குந்திகினு கீறவன் சொல்றது கீய இருக்கறவனுக்கும் கேக்கணும், கீய இருக்கறவன் சொல்றது மேல இருக்கறவனுக்கும் கேக்கணும். இல்லன்னா கண்டெய்னரு பொட்டி போய் செவுத்துல முட்டும்."

இரண்டு வரி சேர்த்தார். பட்டையும் எழுத்தும் சேர்ந்து நகர்ந்தன. எங்கள் நிறுவனத்தில் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு நகர்ந்த ஒரே இடம் அதுதான்.

நிரலின் கடைசி வரியைக் காட்டி, இது என்ன என்று ஒருநாள் கேட்டேன். ஜன்னலை உயிரோடு வைத்திருக்கும் வரி அது என்றார். அந்த வரி வந்தபின் நிரல் எதுவும் செய்யாது. யாராவது பொத்தானை அழுத்துகிறார்களா, விசையைத் தட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

"சும்மா குந்திகினு கீதுன்னு நெனைக்காதீங்க. சிக்னலுக்காகப் பாத்துகினு கீது."

நிர்வாக அலுவலர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் "இவருக்கென்ன, சும்மா உட்கார்ந்தே பொழுதை ஓட்டுறார்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஆபரேட்டர் அதை மனதில் வைத்துத்தான் இதைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது; எப்போதும் நேராகத்தான் பார்ப்பார்.

எடிட்டர் முடிந்ததும் மூன்று கணினியிலும் அதையே போட்டுக்கொண்டோம்; பதினொன்றரைக்காக யாரும் காத்திருக்கவில்லை. மனிதருக்கு ஒரே பிடிவாதம். தூக்கியதைக் கீழே வைக்காமல் எங்கேயும் போகக் கூடாது. கிரேனில் பாரத்தைத் தொங்கவிட்டுவிட்டு ஆபரேட்டர் இறங்குவது பெரிய குற்றமாம். எழுதிச் சேமிக்காத பக்கத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். எடிட்டரில் ஓர் எழுத்தைத் தட்டியதும் ஜன்னலின் நெற்றியில் 'தொங்குது' என்று வரும். சேமித்ததும் 'வெச்சாச்சு' என்று மாறும். சேமிக்காமல் மூடப் பார்த்தால் ஒரு சின்னப் பெட்டி வந்து, 'பொட்டி இன்னும் தொங்குது. கீழ வெக்கவா?' என்று கேட்கும். அதற்கு மூன்று பொத்தான்கள்: வை, உட்டுடு, இரு. தெரியாமல் கை பட்டாலும் 'இரு' என்பதுதான் அழுந்தும்படி வைத்திருந்தார். கை தவறினால் ஒன்றும் விழக் கூடாது, நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

மெர்சி சாப்பிட எழுந்தால், பீரோ பக்கத்திலிருந்து முஷ்டி உயரும்.

"இன்னாண்ணே?"

"நெத்தியப் பாரு."

"ஐயோ, பசிக்குதுண்ணே. வந்து வெச்சிக்கிறேன்."

முஷ்டி இறங்காது. அவள் திட்டிக்கொண்டே போய்ச் சேமித்துவிட்டு வருவாள். ஒருமுறை தீயணைப்பு ஒத்திகை. சைரன் அடித்ததும் எல்லோரும் வெளியே ஓடி மரத்தடியில் வரிசையாக நின்றோம். ஒருவர் குறைந்தார். இவர் மூன்று கணினியிலும் ஒவ்வொன்றாகச் சேமித்துவிட்டு, கடைசியில் நிதானமாக வந்தார். ஒத்திகை விதிகளை நான் மீறவிட மாட்டேன், நன்றாகத் திட்டினேன்.

"சைரன் அடிச்சாலும் பொட்டிய கீய வெச்சிட்டுத்தான் எறங்கணும் சார். அது யாரு தலைக்கு மேல தொங்கிகினு கீதுன்னு யாருக்குத் தெர்யும்?" என்றார்.

திட்டுவதை நிறுத்திவிட்டேன். மேலே இருக்கிற யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்குக் கேடு வந்தது, எடிட்டர் வேலை செய்யாததால் அல்ல, வேலை செய்ததால். ஒருநாள் மதியம், யார்டில் நடந்த ஒரு விபத்து பற்றிய விசாரணை அறிக்கையை நிர்வாக அலுவலர் மெர்சியின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் அடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய அறிக்கை. ஒன்பதாம் பக்கத்தில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. எங்கள் யூபிஎஸ்ஸின் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதுபற்றி நான் மூன்று நினைவூட்டுகள் அனுப்பியிருந்தேன். அதிகாரி முகம் வெளுத்துவிட்டது. மின்சாரம் திரும்பியதும் மெர்சி எடிட்டரைத் திறந்தாள். திரையில் வந்தது: 'கரண்டு போச்சு. ஒரு நிமிசத்துக்கு மின்னாடி வெச்சது கீது. எடுக்கவா?'

ஒன்பது பக்கமும் இருந்தன; நிமிடத்துக்கு ஒரு நகலை அது தானாகவே எடுத்து வைத்திருந்தது. கடைசி வாக்கியத்தில் பாதிதான் போயிருந்தது.

அதிகாரி நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்கும் வயதைத் தாண்டியவன் நான். இருந்தாலும் அவர் கேட்டது எனக்கு அதிர்ச்சிதான்.

"இது யார் அனுமதியில போட்டது?" என்றார். அப்புறம் திரையை விரலால் தட்டி, "கீதுன்னா? கவர்மென்ட் கம்ப்யூட்டர்ல இதெல்லாம் என்ன பாஷை?"

"எங்க பாஷை சார்" என்றார் இவர், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, நாள்காட்டி இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்தபடி.

மறுநாள் மெமோ. அனுமதியற்ற மென்பொருளை நிறுவியது ஒன்று. அலுவலகக் கணினியில் கொச்சை மொழியைப் பயன்படுத்தியது இரண்டு. பணி நேரத்தில் பணிக்குத் தொடர்பில்லாத காரியத்தில் ஈடுபட்டது மூன்று. பணி என்னவென்று யாருமே எழுதித் தராதபோது தொடர்பில்லாதது எது என்று எப்படித் தெரியும் என்பது நியாயமான கேள்வி. அந்த மெமோவை வரைந்தவன் நான் என்பதால் அதை நான் அப்போது கேட்கவில்லை. சாயங்காலம் அதற்கான விளக்கக் கடிதத்தையும் அவருக்காக நானே வரைந்து கொடுத்தேன். குற்றச்சாட்டு, விளக்கம் இரண்டும் அவருடைய எடிட்டரில்தான் எழுதப்பட்டன. இரண்டையும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"நல்லா எயுதிக்கீறீங்க சார்" என்றார். "ரெண்டும்."

இதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு காலம் உறுத்தியிருக்காது.

விளக்கம் ஏற்கப்பட்டதா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவரை மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார்கள். கிரேன் இயக்க நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று குழு எழுதியது. அதில் தவறில்லை, அவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வேலை அலுவலகத்துடையது. பிரிவு இருபது உட்பிரிவு நான்கின்படி எங்கள் பிரிவிலேயே ஓர் இடத்தில் போடலாம். இரண்டு எழுத்தர் இடங்கள் காலியாக இருந்தன. காலிப்பணியிட அறிக்கையில் மாதாமாதம் கையெழுத்திட்டவன் நான். ஆனால், 'அன்ஃபிட்' என்று போட்டு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தபால் பிரிவில் பேச்சு வந்தது.

அன்றைக்குத்தான் அவர் என் மேசைக்கு முதல்முறையாகத் தானே வந்தார்.

"ரிட்டையர்டுன்னு போட்டா பரவால்ல சார். அன்ஃபிட்டுன்னு போடக் கூடாது. பொண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கணும். பேருக்குக் கீய இன்னான்னு போடுவேன்? இன்னும் ரெண்டு வர்சம் கீது. வேலையும் கீது, நானும் கீறேன்."

மாற்றுப் பணி கேட்டு மனு தயாரித்தேன். நல்ல மனு. சட்டப்பிரிவு, காலியிட விவரம், எடிட்டரின் செயல்முறைக் குறிப்பு, மூன்று இணைப்புகள்.

"நேரா மேல குட்த்துடலாமா சார்?" என்று கேட்டார்.

"கூடாது. உரிய வழியாகத்தான் போகணும்."

உரிய வழி என்றால் பிரிவுக் கண்காணிப்பாளர், நிர்வாக அலுவலர், பொது மேலாளர், தலைமை அலுவலகம். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் நேராக மனு கொடுக்க அந்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தே மறைத்தேன் என்று எழுதினாலாவது கொஞ்சம் கம்பீரமாக இருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்தக் காகிதத்தையும் என் மேலதிகாரியைத் தாண்டி அனுப்பியதில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன். எந்த மனிதரிடமிருந்து காப்பாற்ற எழுதிய மனுவோ அதை அந்த மனிதரின் தட்டிலேயே கொண்டுபோய் வைத்தேன். மனுவின் மேல்முனையில் 'பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது' என்று எழுதிச் சுருக்கொப்பமும் போட்டேன்.

மனு நிர்வாக அலுவலரின் மேசையைத் தாண்டவில்லை. மூன்று வாரத்தில் விடுவிப்பு ஆணை வந்தது. எந்தப் பணிக்கும் தகுதியற்றவர்.

கடைசி நாளன்று பொறுப்பு ஒப்படைப்பு என்று அவருக்கு ஒன்றும் இல்லை. பொறுப்பே கொடுக்கவில்லையே. ஆனாலும் நிரலின் எல்லா வரிகளையும் அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு மெர்சியிடம் கொடுத்தார். எந்த வரி எதைச் செய்கிறது என்று மதியம் முழுக்க அவளுக்குச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். "அயுவாத. எயுத்து கலங்குது பாரு" என்றார். ஐந்தே முக்காலுக்கு மூன்று ஜன்னல்களின் நெற்றியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தலை நிமிர்ந்தபடியே படியிறங்கிப் போனார். படிகள் அவர் கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

எடிட்டரை எல்லாக் கணினியிலிருந்தும் நீக்கி அறிக்கை தரும்படி மறுநாளே உத்தரவு. மெர்சி நீக்கினாள், நான் அறிக்கை தந்தேன். நாலாம் நாள் நிர்வாக அலுவலர் குடும்பத்தோடு திருப்பதி போனார். இழுப்பறைச் சாவியும் அவரோடு மலையேறியது. முற்பகல் முழுக்க மூன்று கணினியும் சும்மா இருந்தன. மெர்சி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அரை மணியில் எடிட்டர் திரும்ப வந்துவிட்டது. அதிகாரி திரும்பி வந்து அதைப் பார்த்தார். அடுத்த மாதத்தில் தன் அறைக் கணினியிலும் போட்டுத்தரச் சொன்னார்.

அதன்பிறகு நான் ஓய்வு பெற்றேன். எனக்கு மாலை, சால்வை, வெள்ளிக் குத்துவிளக்கு, வண்டியில் வீடுவரை கொண்டுவந்து விடுதல் எல்லாம் முறைப்படி நடந்தன. வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அவருடைய மனுவின் குறிப்புக் கோப்பைக் கேட்டேன். முப்பது நாளில் தர வேண்டும். தரவில்லை, மேல்முறையீடு செய்தபின் தந்தார்கள். மனுமீது நிர்வாக அலுவலர் எழுதியிருந்த குறிப்பு ஒரே பத்தி.

'மனுதாரர் கிரேன் இயக்குநராக மட்டுமே பணியாற்றியவர். கணினி அறிவோ எழுத்துப்பணிக்கான திறனோ இல்லாதவர். எனவே மாற்றுப்பணி வழங்க வாய்ப்பில்லை.'

பக்கத்தின் அடியில் இடதுபுறம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த எடிட்டரில் அச்செடுத்தால் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் தானாக வருகிற வரி. வெச்சாச்சு; தேதி; நேரம். எங்கள் அலுவலகத்தில் வேறெந்த மென்பொருளும் அப்படி அச்சடிக்காது. நாங்கள் வீட்டுக்குப் போன பிறகான நேரம்; எங்கள் பிரிவின் கணினி ஒன்றில் அவரே உட்கார்ந்து அடித்திருக்கிறார்.

எனக்கு அன்று வந்த கோபம் எந்த நடைமுறைக்கும் உட்பட்டதல்ல. பேருந்து பிடித்துக் கல்மண்டபம் பகுதியில் இருந்த ஆபரேட்டரின் வீட்டுக்குப் போய், அந்தப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். மேலிருந்து கீழாகப் படித்தார். அடிவரியில் கொஞ்ச நேரம் நின்றார்.

"பிரிண்டு சோக்கா வந்துக்கீது சார். மார்ஜின் மட்டும் லைட்டா தள்ளிப்போச்சு. மெர்சிகிட்ட சொல்லணும்."

"அவர் என்ன எழுதியிருக்கார்னு படிச்சீங்களா இல்லியா?"

"படிச்சேன். எனக்குத் தெர்யாதுன்றத எயுதறதுக்கு நான் செஞ்ச ஜன்னலுதான் கெடச்சிக்கீது." என் கையை மெல்ல இறக்கிவிட்டு, "நீங்க ஏன் சார் கத்துறீங்க? பக்கத்து வூட்ல கொயந்த தூங்குது" என்றார்.

அந்தப் பக்கத்தையே முதல் இணைப்பாக வைத்து ஆணையருக்கு நேராக மனு அனுப்பினோம். என் வாழ்நாளில் உரிய வழியில் போகாத முதல் காகிதம். அங்கே ஒரே விசாரணையில் முடிந்தது. அடிவரியைக் காட்டியதும் எங்கள் அலுவலகத்து வழக்கறிஞர் தன் கோப்பையே சிறிது நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். பதிவுப் பிரிவில் மாற்றுப்பணி வழங்கும்படி உத்தரவானது. உத்தரவை நிறைவேற்ற வேண்டியவர் யார் என்றால், நிர்வாக அலுவலர். சட்டப்பிரிவின் கருத்துரை கேட்டார். நிதிப்பிரிவின் கருத்துரை கேட்டார். தலைமை அலுவலகத்தின் தெளிவுரை கேட்டார். நான் மாதம் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். இடையில் தை மாதம் அவர் மகளுக்கு ராயபுரத்தில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் சம்பந்தியின் பெயருக்குக் கீழே 'ரயில்வே (ஓய்வு)' என்று இருந்தது. இவர் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அறுபது வயது முடிந்து, பணியில் இருந்திருந்தால் அவர் ஓய்வு பெற வேண்டிய நாள் ஜூன் முப்பது. அன்றைக்கு யார்டிலிருந்து வேறு இரண்டு பேர் ஓய்வு பெற்றார்கள். மாலை மரியாதை அவர்களுக்கு நடந்தது. மறுநாள் காலை, மெர்சி ஒரு மணி நேரம் அனுமதி எடுத்துக்கொண்டு வர, நாங்கள் இருவரும் ஒரு சால்வை வாங்கிக்கொண்டு கல்மண்டபம் போனோம். அவர் குனிய முடியாது. மெர்சி முக்காலியில் ஏறிப் போர்த்தினாள். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்த நேரத்தில் தபால்காரர் வாசலில் நின்றார்.

பதிவுத்தபால். அலுவலகத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ தூரம்தான். ஆள்வசம் அனுப்பியிருந்தால் கால் மணி நேரம். உறையின் மேல் சிவப்பு மையில் 'உடனடி' என்று முத்திரை. பிரித்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். பதிவுப் பிரிவில் எழுத்தர் பணியிடம் அவருக்கு வழங்கப்படுவதாகவும், பணியில் சேரும் நாள் முதல் அது நடைமுறைக்கு வரும் என்றும், உடனடியாகச் சேர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஜூன் இருபத்தெட்டாம் தேதியிட்டுக் கையெழுத்தாகியிருந்தது.

அவர் இரண்டுமுறை படித்தார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்து நாற்காலியின் கையில் வைத்தார்.

"இன்னிக்கி ஒன்னாந்தேதிதானே சார்?" என்றார்.

மெர்சி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தபால்காரர் ஒப்புகை அட்டையை நீட்டினார். இவர் அதைச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டு, தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டு என்னிடம் கொடுத்தார். நான் எழுதினேன்: ஜூலை ஒன்று.